பாலக்கரையிலிருந்து ஒரு இணைப்பு

கேள்வியை அனுப்பிவிட்டுப் பதில் வருவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ஒவ்வொரு தடவையும் இமெல்டாவுக்கு எச்சில் தொண்டையிலேயே நின்றது. பதில் வந்துவிடும், வராமல் போகாது. தில்லைநகர் ஆபீசின் மாடியில், ஏசி சொட்டுவதற்காக வைத்த பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, இந்த நொடியில் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கிறாள். லோடு பேலன்சர் உடனே ஒப்பிக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், சாவு என்று எதையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுகிற கம்பெனி அது. பார்க்க வருகிறவர்களை மூன்று சர்வர்களுக்கும் பிரித்து அனுப்புவது லோடு பேலன்சரின் வேலை, அது ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கென்று வட்டங்கள் சுழலும் வண்ணத்திரை ஒன்றும் இருக்கிறது, முதலாளி கோதண்டம் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்யச் சொன்னது; அவளுக்கு அது ஆகாது. கறுப்புத் திரையில் ஏபிஐ வழியாக, லோடு பேலன்சரோடு நேராகப் பேசும் பாதை அது, ஒரே வரியில் கேட்டால், ஒரே வரிசையாகப் பதில் வரும்: எந்த முகவரி, தோராயமாக எந்த ஊர், எந்த சர்வரில், எவ்வளவு நேரமாக, எவ்வளவு தரவு போயிருக்கிறது. பெயர் கிடையாது. முகம் கிடையாது. அழுகிறார்களா, பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இன்று அந்த வரிகளில் டொரான்டோ இருந்தது, குவைத் இருந்தது, ஆக்லாந்து இருந்தது, சென்னையும் பெங்களூரும் திருச்சியும் இருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அமலோற்பவத்தின் அடக்கத்தை. அமலோற்பவம் இமெல்டாவின் மாமியார். மாமியாராக இருந்தவள் என்று சொல்ல வேண்டுமோ. விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் ஜெரால்டு கணவனாக இருந்தவன் ஆகிவிட்டான், அதில் குழப்பமில்லை. அவனுடைய அம்மா அவளுக்கு என்ன ஆனாள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அத்தை என்றுதான் வாயில் வருகிறது. அத்தை செத்துப்போனாள். அவள் மறுபடியும் கேட்டாள். எச்சில் நின்றது. பதில் வந்தது.

காலையில் சாதிக்தான் சொன்னான், தெரிந்து சொல்லவில்லை. கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு, போனில் வந்திருந்த ஆர்டரை அவளுக்காகச் சத்தமாக வாசித்தான், அவள்தானே லிங்க் தயார் செய்ய வேண்டும். “பாலக்கரைக்கா. கிறிஸ்டியன் சாவு. வீட்டுலேருந்து கோயில், கோயில்லேருந்து கல்லறை. பேரு அமலோற்பவம், வீட்டுக்காரர் பேரு சவரிமுத்து, ரயில்வே ரிட்டயர்டு.” அவள் “ம்” என்றாள். “போட்டோ அனுப்பியிருக்காங்க, முகப்புல போடணுமாம்.” அதற்கும் “ம்.” தன் குரல் அப்படி மாறாமல் வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. போட்டோவைத் திறந்தாள். எதிலிருந்தோ வெட்டி எடுத்த படம். அத்தை பட்டுப்புடவையில், கண்ணை இடுக்கிக்கொண்டு, பிளாஷ் அடித்தால் எப்போதும் அப்படித்தான் இடுக்குவாள். தோளோரத்தில், வெட்டியது போக மிச்சமாக, யாருடைய கையோ, இரண்டு விரல்கள் மட்டும், மருதாணியோடு. யாருடைய கையோ என்று நினைத்து முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அந்த இரண்டு விரல்களையும் அவள் இப்போது கீபோர்டின் மேல் வைத்திருந்தாள். விரலை இன்னும் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், அவர்களே கவனிக்காமல் விட்டதை நான் எதற்குத் தொட வேண்டும், அப்படியே ஏற்றினாள், பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை போட்டாள், தேதி போட்டாள், ‘நேரலை’ என்று சிவப்பில் போட்டாள். அதற்குப் பிறகுதான் மாடிப்படிக்குப் போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். ஜெரால்டின் தங்கை. பெரிய அழுகை அழுது ஓய்ந்த குரல். “அண்ணி... உங்களுக்கு யாரு சொன்னா?” “ஆபீசுக்குத்தான் ஆர்டர் வந்துச்சு ஜெசி. நம்ம கம்பெனிதான்.” “ஐயோ, எனக்கு அது தெரியாது அண்ணி, வீட்டுக்காரருதான் பேசி விட்டாரு.” “நான் கெளம்பி வர்றேன்.” “அண்ணி.” “சொல்லு.” “தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் ஆக்லாந்துலேருந்து லைவ்ல பாக்குது. அதோட பொண்டாட்டி, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கப் போறாங்களாம். நீங்க கேமராவுல விழுந்தா...” “சரிம்மா,” என்றாள் இமெல்டா. “சாதிக்னு ஒரு பையன் வருவான், நல்லா எடுப்பான்.” ஏன் அதைச் சொன்னோம் என்று படியில் நின்றபடி யோசித்தாள். துக்கம் சொல்லக் கூப்பிட்ட இடத்தில் கம்பெனிக்கு விளம்பரம். நல்லா எடுப்பான். அந்த வார்த்தை அதற்குப் பிறகு காலை முழுக்கப் பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்தது, நாக்கு போய்ப்போய் அதையே தொட்டது.

படத்தை அவள் பார்க்கவில்லை. பக்கத்துத் திரையில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும், ஆனால் பார்த்தால் அவளும் ஒரு இணைப்பு. அந்த வரிசையில் திருச்சி என்று இன்னொரு வரி விழும், நாளைக்குக் கணக்குப் பார்க்கும் கோதண்டம் சாருக்குக்கூட அது யாரென்று தெரியப்போவதில்லை, இருந்தாலும் விழும். கேமராவில் விழாதே என்று சொன்னார்கள். இதிலும் விழ வேண்டாம். வரிகளை மட்டும் பார்த்தாள். வரிகளை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தது, அதுதான் கொடுமை. காலையில் வீட்டிலிருந்து சாதிக் அனுப்பிய காட்சி அந்த வீட்டு வைஃபை வழியாகத்தான் வந்தது. வீட்டின் முகவரி முதல் வரியாக நின்றது, ஜெபமாலை சொல்லியிருப்பார்கள், ஹாலில் சோபாவை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருப்பார்கள், பெட்டியின் தலைமாடு ஃப்ரிட்ஜ் பக்கம் வந்திருக்கும், வேறு வழியில்லை அந்த ஹாலில். பிறகு முதல் வரியில் வீட்டு முகவரி போய் சாதிக்கின் சிம் கார்டு முகவரி வந்தது: தூக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் கூடினார்கள்: கோயிலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தை வீடியோ காலில் கூப்பிடுவாள், விவாகரத்துக்குப் பிறகும் கூப்பிடுவாள், யாருக்கும் தெரியாமல் என்றில்லை, யாரையும் கேட்காமல். வீடியோ என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவாள், அதனால் இமெல்டாவின் திரை முழுக்க அத்தையின் காதுதான் தெரியும், தோடு இழுத்து நீண்ட துளையும் நரைமுடியும். “அத்தை, போனை முன்னாடி பிடிங்க.” “முன்னாடி பிடிச்சா எப்படிடி கேக்கும்?” வாரா வாரம் அந்தக் காதோடு பேசினாள். பெரிய அன்பெல்லாம் கிடையாது, சமையல் சரியில்லை என்று சொன்னவள்தான், இவ வேலையைக் கட்டிக்கிட்டு அழுவுறா என்று சம்பந்தி வீட்டில் வைத்தே சொன்னவள்தான். பேசும்போதும் என்ன பேசினாள், வெயில், மாமாவின் மலச்சிக்கல், பங்குச் சாமியார் பிரசங்கத்தை இழுக்கிறார் என்று. தவக்காலத்துக்குப் பிறகு கால் வரவில்லை. ஒரு ஞாயிறு வரவில்லை, மறு ஞாயிறும் இல்லை. யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று இமெல்டா நினைத்தாள். இல்லை, அத்தைக்கே அலுத்துவிட்டது என்று நினைத்தாள். நாம் கூப்பிடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தாள், எடுத்து யூடியூபில் எதையோ பார்த்தாள். இப்போது நினைத்தால், உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம். போன் கெட்டுப்போயிருக்கலாம். நீயே கூப்பிடட்டும் என்று அத்தை அங்கே உட்கார்ந்து ரோஷமாக இருந்திருக்கலாம், அவளுக்கு அந்த ரோஷம் உண்டு. இதில் எது என்று இனி யாரிடம் கேட்பது. ஜெசிந்தாவிடம் கேட்க முடியாது. மாமாவிடம், மாமா பக்கவாதம் வந்து பேச்சுப் போய் கட்டிலோடு கிடக்கிறார். அவள் கேள்வியை அனுப்பினாள், ஏபிஐயிடம் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியை.

ஆக்லாந்தில் மூன்று நான்கு வரிகள் இருந்தன. அதில் எது ஜெரால்டு. அங்கே இந்நேரம் இருட்டியிருக்கும், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, மனைவி, மனைவியின் அம்மா, அவர்களுக்கு ஒன்றும் புரியாத பாட்டை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு. அவனோடு ஒரு காலத்தில் ஸ்ரீரங்கத்துப் பாலத்தில் ஸ்கூட்டரில் போனாள் என்பது யாரோ சொன்ன கதை மாதிரி இருந்தது. அடித்தான் குடித்தான் என்று எதுவும் இல்லை. அவன் அங்கே போனான், நீயும் வா என்றான், இந்த வருஷம் முடியட்டும் என்றாள், அடுத்த வருஷம் அவன் வா என்று சொல்வதை நிறுத்திவிட்டான். நிறுத்திவிட்டான் என்பதையே அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தாள், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றதைக் கொஞ்ச நேரம் கழித்து உடம்பு உணர்வதுபோல. வரிசையில் ஆக்லாந்து வரி ஒன்று பூசையின் நடுவில் காணாமல் போனது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவனாக இருந்தால்? பெத்த அம்மாவின் பூசையைப் பாதியில் விட்டுவிட்டா போவான்? கோபம் வந்தது, தன் கோபம் மாதிரி இல்லை, அத்தையின் கோபம் மாதிரி, கொழுப்பைப் பாரு என்று அத்தையின் குரலிலேயே வந்தது. அவனாக இல்லாமலும் இருக்கலாம். நெட் போயிருக்கலாம். அழ முடியாமல் மூடியிருக்கலாம். மறுபடி கேட்டாள், மறுபடி கேட்டாள், அந்த வரி திரும்ப வரவில்லை. அப்போதுதான் கோதண்டம் சார் பின்னால் வந்து நின்றார், சட்டையில் விபூதி வாசனை. “ஏம்மா, ரெண்டாவது சர்வரை எடுத்துட்டியா? சாயங்காலம் ரிசப்ஷன், மினிஸ்டர் வர்றாரு, திக்குனுச்சுன்னா என் மானம் போயிடும்.” இரண்டாவது சர்வர் ஒரு வாரமாகவே திக்கிக்கொண்டுதான் இருந்தது. “புது ஆளை அதுக்கு அனுப்பாதேன்னு லோடு பேலன்சர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன் சார். உள்ள இருக்கிறவங்க பாத்து முடிச்சுப் போகப்போக தானா காலியாயிடும். காலியானதும் ரீஸ்டார்ட்.” “வெட்டி விட்டாத்தான் என்ன?” “சாவு வீடு சார்.” அவர் திரையை எட்டிப் பார்த்தார், அதில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. “சரி சரி, முடியட்டும்,” என்று போனார். சாவு வீடு என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று இமெல்டா நினைத்தாள். யார் வீடு என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா. அரை நாள் லீவு கொடுத்திருப்பார், நல்ல மனுஷன்தான், அந்த அரை நாளை வைத்துக்கொண்டு எங்கே போய் உட்காருவது.

கல்லறைத் தோட்டத்து வாசலோடு நேரலை அறுந்துவிட்டது. சாதிக் மெசேஜ் போட்டான்: உள்ளே சிக்னலே இல்லைக்கா, ரெக்கார்டு பண்ணி அப்புறம் கொடுத்துடறேன். அவ்வளவுதான். வரிகள் உதிர ஆரம்பித்தன. பெங்களூர் போனது, குவைத் கொத்தாகப் போனது, டொரான்டோவில் விடிவதற்கு முன்னால் எழுந்தவர்கள் திரும்பப் படுக்கப் போயிருப்பார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, விரலால் ஒரு தட்டு, முடிந்தது. அழுதுகொண்டே தட்டியிருப்பார்கள், அப்படியும் தட்டத்தானே வேண்டும். கேட்கக் கேட்கப் பதில் சுருங்கியது. முன்பெல்லாம் பதில் திரையைத் தாண்டி ஓடும், இப்போது திரையின் மேல்பாதியில் நின்றுவிட்டது, அப்புறம் நாலு வரி, அப்புறம் இரண்டு. இரண்டாவது சர்வரில் ஒரே ஒரு வரி. அது போகவில்லை. போய்விடும் என்று எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இருந்தது. வாளியில் ஏசித் தண்ணீர் நிரம்பியிருந்தது, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அப்போதும் இருந்தது. யாரோ மூட மறந்துவிட்டுத் தூங்கிப்போனார்கள் என்று நினைத்தாள், நிறையப் பேர் அப்படித்தான், ஒரு முறை வளைகாப்பு ஒன்றை எவரோ மறுநாள் வரைக்கும் ஓட விட்டிருந்தார்கள். ஆனால் தரவு ஏறிக்கொண்டே இருந்தது. நேரலைதான் முடிந்துவிட்டதே, என்ன ஏறுகிறது என்று ஒரு கணம் குழம்பினாள், பிறகு ஞாபகம் வந்தது. விளம்பரம். நேரலை நின்றால் அந்தப் பக்கத்தில் கம்பெனி விளம்பரம் தானாக ஓடும், திரும்பத் திரும்ப ஓடும், கோதண்டம் சாரின் யோசனை: கெட்டிமேளம், அட்சதை, கன்னத்தில் சந்தனத்தோடு சிரிக்கும் மணப்பெண், மண்டபத்துக்கு மேலே பறந்து எடுத்த காட்சி, உங்கள் இல்ல விசேஷமும் உலகமெங்கும். “சாவுக்கு மட்டும் இது வேணாமே சார்” என்று அவள் சொல்லித்தான் பார்த்தாள். “அழுவுறவன் வீட்லயும் நாளைக்குக் கல்யாணம் வரும்மா” என்றார். யாரோ ஒருவர், அத்தையைப் புதைக்கப் போகிற இந்த நேரத்தில், கெட்டிமேளத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் மூடாமல் இருக்கிறார். அவள் ஊரைப் பார்த்தாள். திருச்சி. முகவரியைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த எண்கள். மேலே, மேலே, காலையில் வந்த பதில்களுக்குத் திரையை ஏற்றிக்கொண்டே போனாள். முதல் வரி. சாதிக் வீட்டு வைஃபையில் இருந்து அனுப்பிய அதே முகவரி. பாலக்கரை வீடு.

வீட்டில் யார் இருக்கிறார்கள். எல்லோரும் கோயிலுக்கும் கல்லறைக்கும் போயிருப்பார்கள், ஜெசிந்தா, அவள் கணவன், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட. போக முடியாதவர் ஒருவர்தான். சவரிமுத்து மாமா. வலது கை விழுந்துவிட்டது, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சு கொழகொழவென்று ஒன்றிரண்டு சொல்தான் வருகிறது என்று அந்தக் காதுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது. மாமாவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் காது மந்தமாகிப் போன மனிதர், வேலை விட்டு வந்தால் குளிப்பார், பேப்பர் படிப்பார், “சாப்டியாம்மா” என்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் யாரோ போகிற அவசரத்தில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நீங்களும் இதுல பாருங்கப்பா என்று. அவர் பார்த்தார். பெட்டி வாசலைத் தாண்டியதும், தெருவும், பூசையும், கல்லறைத் தோட்டத்து வாசலும். அப்புறம் கெட்டிமேளம். இடது கை நல்ல கைதானே, தட்டி மூடலாமே. எட்டாத இடத்தில் வைத்திருப்பார்களோ. மூடத் தெரியாதோ. மெசினைப் பிரித்துப் பூட்டின கைக்கு இது தெரியாதா. எட்டாதுதான். அவள் கை தானாகக் கட்டளையை அடித்தது, இந்த இணைப்பைத் துண்டி என்று. துண்டித்தது. இரண்டாவது சர்வர் காலி. கோதண்டம் சாருக்கு வேண்டியது நடந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள், அந்தச் சத்தமாவது நிற்கட்டும். நின்றதா என்று கேட்டாள். மூன்றாவது சர்வரில் அதே முகவரி. அவளே எழுதி வைத்ததுதான், இணைப்பு அறுந்தால் பக்கம் தானாக மறுபடி முயல வேண்டும், பார்க்கிறவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, லோடு பேலன்சர் நல்ல சர்வராகப் பார்த்து அனுப்பிவிடும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். மறுபடி துண்டித்தாள். மறுபடி வந்தது, இந்த முறை முதல் சர்வரில், விளம்பரம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். விளம்பரத்தையே நிறுத்திவிடலாம், அதற்கு வழி இருக்கிறது, அங்கே கறுப்பாக ஒரு திரை நிற்கும், கிழவர் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். சாதிக்கைக் கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. ஜெசிந்தாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, குழி பக்கத்தில் நின்றுகொண்டு யார் போனை எடுப்பார்கள். இது எனக்கு எதற்கு என்று ஒரு குரல் கேட்டது. வீட்டுக்கு வரட்டும், வந்து அவர்கள் மூடிக்கொள்ளட்டும். கேமராவில் விழாதே என்றார்கள். அந்த வீட்டில் இப்போது கேமரா இல்லை. அப்படி ஒரு கணக்கு மனசுக்குள் ஓடி முடிந்தபோது அவள் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, இரண்டாவது சர்வரை ரீஸ்டார்ட்டில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். “எங்கம்மா கெளம்பிட்டே?” என்றார் கோதண்டம். “எங்க அத்தை செத்துட்டாங்க சார்.” சொன்ன பிறகுதான் அன்று முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறோம் என்று தெரிந்தது. “எப்போ?” என்று அவர் கேட்டது படியில் பின்னாலேயே வந்தது.

வெயிலில் மேம்பாலம் உருகிக்கொண்டிருந்தது, முன்னால் போன பஸ்ஸின் புகை முகத்தில் அடித்தது, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினாள், வாசலில் யாராவது இருந்தால், ஜெசிந்தா அதற்குள் வந்திருந்தால், மாமாவே என்னை யாரென்று தெரியாமல் பார்த்தால். திரும்பிவிடலாம் என்று சிக்னலில் தோன்றியது, சிவப்பு பச்சையாகிவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், போனாள். வாசலில் துணிப்பந்தல் அப்படியே இருந்தது, நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, நசுங்கிய சம்பங்கி. மாமாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் போலிருக்கிறது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹாலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். “யாரு நீங்க?” இமெல்டா செருப்பைக் கழற்றினாள். “சொந்தக்காரங்க.” “எல்லாரும் இன்னும் கல்லறையிலேருந்து வரலியேம்மா.” “மாமாவைப் பாக்க வந்தேன்.” “ஐயா தூங்குறாரு. அதுல என்னவோ மேளச் சத்தமா வந்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கு அமத்தத் தெரியல, இப்பத்தான் தானா நின்னுச்சு.” உள்ளறையில் அவர் தூங்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில், ஸ்டூல் மேல் மருந்து டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திய டேப்லெட்டில் கறுப்புத் திரை. அவர் தலையைச் சுவர்ப்பக்கம் எவ்வளவு திரும்புமோ அவ்வளவு திருப்பிவைத்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மேளச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அது நின்றதுகூடத் தெரியாமல் அப்படியே இருக்கிறார். டேப்லெட்டை எடுத்து அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். “மாமா.” திரும்ப நேரமாயிற்று. கண் அவள் மேல் வந்து நின்றது. தெரிகிறதா தெரியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வேலை செய்தது. “மண்ணு?” என்றார். அவளுக்குப் புரியவில்லை. “ம...ண்ணு?” நல்ல கையைத் தூக்கி விரல்களைக் குவித்து, விரித்தார். மண் போட்டாயிற்றா என்று கேட்கிறார். அந்த இடத்துக்கு முன்னால்தான் நேரலை அறுந்தது. அதுவரைக்கும் பார்த்தவர், மீதி வரும் என்று காத்துக்கிடந்திருக்கிறார். அவளுக்கும் தெரியாது, அவளோ ஒன்றையுமே பார்க்கவில்லை, வரிகளைப் பார்த்தாள். போட்டாச்சு மாமா என்று சொல்ல வாய் எடுத்தாள். வரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தாள், மாமியார் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு தடவைகூடத் தொட்டிராத கை, உள்ளங்கை இன்னும் காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்றிருந்தது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வழியாகக் காதுக்குப் போனது, அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சியில்லை, வழிவது தெரியாமல் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது, செருப்புகள், தண்ணீர் கேட்கும் குரல்கள். எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள், கையை அவர் விடவில்லை. ஜெசிந்தா அறை வாசலில் வந்து நின்றாள், முகம் வீங்கி, புடவைக் கரையெல்லாம் செம்மண். இமெல்டாவைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த டேப்லெட்டைப் பார்த்தாள். “அப்பா,” என்றாள் ஜெசிந்தா, “கடைசி வரைக்கும் பாத்தீங்களாப்பா?” அவர் வாய் கோணியது. அவர் தடுமாறுவதைத் தாங்காமல் இமெல்டா முந்திக்கொண்டாள், “பாத்தாரு ஜெசி. எல்லாம் பாத்தாரு.” “இல்ல,” என்றார் மாமா. கொழகொழப்பே இல்லாமல், வெட்டின மாதிரி வந்தது. “இல்ல. மண்ணு இல்ல.” ஜெசிந்தா அண்ணியைப் பார்த்தாள். “உள்ள சிக்னல் இல்லாம வாசல்லயே நின்னுபோச்சு ஜெசி,” என்றாள் இமெல்டா, தலை நிமிராமல். “அதுக்கப்புறம் அவரு தனியாத்தான் கெடந்தாரு.” ஹாலிலிருந்து யாரோ, குளிக்காம உள்ள போகாதம்மா என்றார்கள். ஜெசிந்தா அதைக் காதில் வாங்கவில்லை. ஈரத்தரையில், கட்டிலுக்குக் கீழே, இமெல்டாவின் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள், அப்பாவின் மந்தக் காதுக்காகச் சத்தமாக, வாசலிலிருந்து. “கேட்டுலேருந்து நாலு பேரு தூக்குனாங்கப்பா. எங்க வீட்டுக்காரரு, மைக்கேல் சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணனுங்க ரெண்டு பேரு. வழியெல்லாம் முள்ளு, சித்தப்பா காலுல செருப்பு இல்ல. தாத்தா கல்லறைக்குப் பக்கத்துலதான் தோண்டியிருந்தாங்க, நீங்க சொன்ன எடம்தான். சாமியார் மந்திரிச்சாரு. பெட்டியை எறக்குறப்ப கயிறு ஒரு பக்கம் வழுக்கிருச்சு, எனக்கு உசுரே இல்லப்பா, அப்புறம் நேரா எறக்கிட்டாங்க.” மாமாவின் கண் மகளின் வாயிலேயே இருந்தது. ஜெசிந்தாவுக்கு அடுத்தது வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கை மண்ணையே பார்த்தாள். வெளியே நாற்காலிகளை இழுத்தார்கள், யாரோ காபிக்குப் பால் இருக்கா என்று கேட்டார்கள்.

“அப்புறம் ஜெசி?” என்றாள்.

“அப்புறம்...” என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை இரண்டு பேரையும் பார்த்து. “மொதப் பிடி மண்ணு உங்களுக்காகன்னு சொல்லித்தான் போட்டேம்ப்பா.”